சைக்கிளின் அச்சு

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கு நோக்கி, உப்புவெளியைக் கடந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் சென்றால் நிலாவெளியை அடையலாம். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பும் உப்பளமும் வயலும். மலை என்று காட்டுவதற்கு அவ்வூரார்க்கு உள்ளது கடலின் நடுவே நிற்கும் புறாமலை ஒன்றுதான். அதுவும் தீவாதலின் படகிலன்றி அங்குச் செல்லுதல் இயலாது. இத்தகைய சமதரையிலே ஓடுகின்ற துவிச்சக்கர வண்டிகளைச் சற்று நின்று கவனித்தால் வியப்பொன்று தோன்றும். பழைய றலி வண்டிகளின் வழிவந்த நெடிய கறுப்புச் சைக்கிள்களின் பக்கத்தில், பருத்த ரயரும் பல கியர்களும் பூண்டு மலையேறுவதற்கென்றே ஆக்கப்பட்ட வகை வண்டிகளும் காணப்படுகின்றன. மலையில்லாத ஊருக்கு மலைச் சைக்கிள் எதற்கு என்று கேட்பவர், அவ்வூர் மணலில் ஒருநாளேனும் வண்டி மிதித்துப் பார்த்திராதவராகவே இருத்தல் வேண்டும்.

அவ்வண்டிகளின் பின்னே ஏறுவன என்னென்ன? மீன் பெட்டி, விறகுக் கட்டு, அரிசி மூடை, சில வேளைகளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருவர். மோட்டார் சைக்கிள் பெருகியபின் இவ்வழக்கம் குறைந்ததுதான். ஆயின் 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் கிடையாமல் நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது, மூலையிற் சாத்தியிருந்த சைக்கிள்கள் மறுபடியும் வீதிக்கு வந்தன. புதியவற்றின் விலையோ எட்டாத உயரத்துக்கு ஏறியது. உள்ள வண்டியை நீண்ட காலம் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதன் அருமையை அன்று பலர் உணர்ந்தனர்.

இவ்வகை வண்டியை வைத்திருப்போர் எங்கும் சொல்லுகின்ற குறை ஒன்றுண்டு. "பாரம் ஏற்றினால் பின்சக்கரம் ஆடுகிறது; வளைவிலே திரும்பினால் முன்சக்கரம் சொற்கேட்பதில்லை" என்பதே அது. அதற்காக ரயரை மாற்றுவார்கள், கம்பிகளை முறுக்குவார்கள், பளபளக்கும் விற்சுருள் வைத்த முற்கவரை, அதாவது கடைகளில் போர்க் என்று சொல்லப்படுவதை, கடன்பட்டும் வாங்கிப் பூட்டுவார்கள். சக்கரத்தின் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் அச்சைப்பற்றி நினைப்பவர் சிலரே. அவ்வச்சைப்பற்றி, சிறப்பாக அதனை வலுப்படுத்தி வண்டியின் ஆட்டத்தைக் குறைக்கும் வழியைப்பற்றி, நேயர்களுடன் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன்.

அச்சு என்றதும் எல்லா அச்சும் ஒன்றென்று கருதிவிடலாகாது. திருகோணமலைக்கு வருகின்ற இரயிலைப் பாருங்கள். அதன் சக்கரங்கள் இரண்டும் அச்சோடு இறுக்கப்பட்டவை. சக்கரம் உருளும்போது அச்சும் உடன் உருளுகிறது. மாட்டு வண்டியிலோ அச்சு அசையாமல் கிடக்க, சக்கரம் மட்டும் அதனைச் சுற்றி வருகிறது. சக்கரம் கழன்று போகாதபடி கடையாணி காவல் நிற்கிறது. சைக்கிள் இவ்வகையில் மாட்டு வண்டியின் இனத்தைச் சேர்ந்தது. அச்சு நிற்கிறது, சக்கரம் சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவே உருக்குக் குண்டுகள் உருண்டு உராய்வைத் தணிக்கின்றன. கம்பிகள் எல்லாம் வந்து கூடுகின்ற நடுப்பகுதியைத் தச்சர்கள் வழங்கும் பழஞ்சொல்லால் குடம் என்போம். கடையில் கேட்டால் ஹப் என்பார்கள். குடத்தின் இருபுறத்திலும் குண்டுகளைத் தாங்குகின்ற கோன்கள் அச்சின் மரையில் ஏறி அமர்ந்துள்ளன. அச்சின் இரு முனைகளும் வண்டிச் சட்டத்தின் பிளவுவாய்களிற் புகுந்து, நட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கின்றன.

ஆகவே ஏறியவரின் நிறை சட்டத்தின் வழியாக அச்சின் முனைகளை வந்தடைகிறது. நிலம் தருகின்ற எதிர்விசை சக்கரத்தின் வழியாகக் குண்டுகளை வந்தடைகிறது. முனைகள் கீழே அழுந்த, குண்டுகள் மேலே தள்ள, இடையில் அகப்பட்ட அச்சு வளைய முற்படுகிறது. அது எவ்வளவு வளைகிறதோ அவ்வளவுக்குச் சக்கரம் சட்டத்தோடு ஒத்துழையாமல் தன் போக்கில் சாய்கிறது. ஆட்டம் என்று நாம் சொல்லுவதில் ஒரு பங்கு இதுவேயாகும்.

இனி, வளைவை எதிர்க்கும் ஆற்றல் எதனைப் பொறுத்தது? இங்கேதான் பொறியியலில் மிகவும் சுவையான விதியொன்று குறுக்கிடுகிறது. உருண்டையான கோல் ஒன்றின் விட்டத்தை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு இருமடங்காகும் என்றே சாதாரணமாக எவரும் எண்ணுவர். உண்மையில் அது பதினாறு மடங்காகிறது. விட்டத்தை நான்கு முறை தன்னாலேயே பெருக்கி வரும் தொகைக்கு ஏற்பவே விறைப்பு கூடுகிறது என்பது விதி. பழைய ஆங்கில வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் முன்னச்சு அங்குலத்தின் பதினாறில் ஐந்து பங்கு விட்டமுடையது. பின்னச்சு எட்டில் மூன்று பங்கு. இரண்டுக்குமுள்ள வேறுபாடு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கே. விரல்நகத்தால் தடவிப் பார்த்தாலும் தெரியாது. எனினும் பின்னச்சு முன்னச்சைக் காட்டிலும் இருமடங்குக்குச் சற்று மேலான விறைப்புடையது. அவ்வண்டிகளை ஆக்கியவர்கள் பாரம் பின்னே ஏறும் என்பதை அறிந்து, அந்தச் சிறு வேற்றுமையை வைத்துப் பெரும் பயனை ஈட்டிக்கொண்டார்கள்.

இதே விதியின் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. கோலின் வெளிப்புறத்து உலோகமே வளைவை எதிர்க்கிறது. நடுவிலுள்ளது பெரும்பாலும் சும்மா இருந்து நிறையை மட்டும் கூட்டுகிறது. மூங்கில் உள்ளே வெறுமையாயிருந்தும் காற்றில் நிமிர்ந்து நிற்பது இதனாலன்றோ. 15 மில்லிமீற்றர் விட்டமுள்ள அச்சின் நடுவே 10 மில்லிமீற்றர் துளையிட்டால், உலோகத்தில் நூற்றுக்கு 44 பங்கு போய்விடும். விறைப்பில் போவதோ 20 பங்குதான். புதிய வகைச் சைக்கிள்களில் அச்சுக்கள் தடித்தும் உள்ளே வெறுமையாயும் இருப்பதன் காரணம் இதுவே. அவ்வச்சுக்களில் அநேகம் அலுமினியத்தாலானவை. உருக்கின் விறைப்பில் மூன்றிலொரு பங்குதான் அலுமினியத்துக்கு உண்டு. ஆகையால் தடிப்பினால் பெற்றதில் ஒரு பகுதியை உலோகத்தினால் இழந்துவிடுகிறோம். விளம்பரங்களில் பழைய 9 மில்லிமீற்றர் அச்சைவிடப் புதியது பல மடங்கு விறைப்பானது என்று முழங்கும்போது, எந்த உலோகத்தை எந்த உலோகத்தோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. கணக்குப் பார்த்தால் அச்சளவில் வரும் ஆதாயம் இருமடங்குக்குச் சிறிது மேல். அதுவும் குறைவானதன்று.

தடிப்பு ஒருபுறம் இருக்க, தூரம் என்பதும் ஒன்றுண்டு. நிலாவெளி மணலில் அச்சை வளைப்பது பெரும்பாலும் அதுதான் என்பது என் கருத்து.

குண்டுகள் அச்சைத் தாங்கும் இடத்துக்கும் சட்டத்தின் பிளவுவாய்க்கும் இடையே அச்சு தாங்குவாரின்றி நீண்டு கிடக்கிறது. ஒற்றைப் பல்லுருளை வைத்த பழைய வண்டியில் இந்த நீளம் சிறியது. ஆறோ ஏழோ பல்லுருளைகளை அடுக்கிய மலைச் சைக்கிளிலோ நிலைமை வேறு. மலிவான வகைகளில் அப்பல்லுருளைத் தொகுதி, பிறீவீல் என்று சொல்லப்படுவது, குடத்தின் வலப்புறத்தில் திருகிப் பூட்டப்பட்டிருக்கும். குண்டுகளோ குடத்தினுள்ளே, தொகுதிக்கு உட்புறமாகத் தங்கிவிடுகின்றன. ஆகவே வலப்பக்கத்தில் ஏறத்தாழ 4 சென்றிமீற்றர் நீளத்துக்கு அச்சுக்குத் துணையில்லை. ஒரு முனை பற்றப்பட்ட கோலின் நீட்டத்தை இருமடங்காக்கினால் அதே பாரத்துக்கு அது எட்டு மடங்கு வளையும். இடப்பக்கத்தில் ஒரு சென்றிமீற்றர், வலப்பக்கத்தில் நான்கு என்றிருக்குமாயின், முறிகின்ற அச்சு எப்பக்கம் முறியும் என்பதைச் சொல்லச் சோதிடர் வேண்டியதில்லை. சைக்கிள் திருத்துவோரைக் கேட்டால், வலப்புறக் கோனை ஒட்டி முறிந்த அச்சுக்களே தங்களிடம் மிகுதியாக வருகின்றன என்பார்கள்.

பாரத்தோடு சங்கிலியின் இழுப்பும் சேர்கிறது. மிதிகட்டையின் தண்டு 170 மில்லிமீற்றர் நீளமுடையது. மலைச் சைக்கிளின் முன்புறத்துச் சிறிய பல்லுருளைக்கு 24 பற்கள் எனின், அதன் ஆரை 49 மில்லிமீற்றருக்கும் குறைவு. நெம்புகோல் கணக்கின்படி, 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் எழுந்து நின்று மிதித்தால் சங்கிலியில் ஏறத்தாழ 245 கிலோகிராம் இழுப்பு உண்டாகிறது. மணலில் சக்கரம் புதையும்போது நாம் செய்வதும் இதுவே: சிறு பல்லுருளைக்குச் சங்கிலியை மாற்றி, எழுந்து நின்று மிதிக்கிறோம். பின்னே இருக்கும் மீன்பெட்டி அச்சை மேலும் கீழுமாக வளைக்க முயல, சங்கிலி அதனை முன்னோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பும் துணையற்ற அதே வலப்பக்கத்தில்தான் விழுகிறது. மலையேறுவதற்கென்று அமைத்த கியர், சமதரையிலுள்ள மணலிலே இவ்வாறு அச்சுக்கு எமனாகிறது.

அச்சு ஒரே நாளில் முறிவதில்லை. மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அளவு கடந்தால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் காலத்திலேயே தெரிந்திருந்த செய்தி. அவர் சொன்னது பாரத்தின் அளவை. ஆனால் அளவுக்குட்பட்ட பாரமும் ஆயிரமாயிரம் முறை வந்து வந்து போனால் உலோகம் களைத்து முறியும் என்பதை உலகம் அறிந்துகொண்டது 19 ஆம் நூற்றாண்டிலேதான். 1842 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் திகதி, பிரான்சு தேசத்தில் வெர்சாயிலிருந்து பாரிசு நோக்கி வந்த இரயிலின் எஞ்சின் அச்சு திடீரென முறிந்தது. வண்டிகள் ஒன்றன்மேலொன்று ஏறித் தீப்பற்றியதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புறத்தே குறையொன்றும் தோன்றாத அச்சு ஏன் முறிந்தது என்ற வினா பொறியியலாளரை வாட்டியது. செருமானியரான அவுகுஸ்து வோலர் என்பார் பின்னர் இரயில் அச்சுக்களை ஆண்டுக்கணக்காகச் சோதனைசெய்து, உலோகக் களைப்புக்குரிய விதிகளை வகுத்தார். நமது சைக்கிளின் அச்சு சுழலாவிடினும், ஒவ்வொரு மிதிக்கும் ஒவ்வொரு குழிக்கும் வளைந்து நிமிர்கிறது. வெடிப்பு முதலில் மரையின் பள்ளத்திலே மயிரிழைபோல் தோன்றும். கடற்கரைக் காற்றின் உப்பு அந்தப் பள்ளத்தில் துருவை வளர்த்து அதற்கு உதவி செய்கிறது.

சைக்கிள் அச்சின் வரலாற்றில் ஒரு திருப்பம் இத்தாலியில் நிகழ்ந்தது. 1927 இல் அல்ப்சு மலைச்சாரலில் நடந்த பந்தயமொன்றில், குளிரில் விறைத்த விரல்களால் சக்கரத்தின் நட்டைக் கழற்ற முடியாமல் துலியோ கம்பக்னோலோ என்ற வீரர் தோற்றார் என்றும், அதன்பின் கையால் மடக்கினால் இறுகவும் திறந்தால் கழலவும் கூடிய நெம்பை அவர் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1930 களிலிருந்து அவர் பெயரால் வந்த அந்தப் பொறி உலகெங்கும் பரவியது. அதனைப் புகுத்துவதற்காக அச்சின் நடுவே துளையிட்டார்கள். பந்தயக்காரனுக்கு அது வரப்பிரசாதம். மீன்பெட்டி சுமப்பவனுக்கு அதனால் ஆகப்போவதொன்றுமில்லை. ஆயினும் நாகரிகம் என்ற பெயரால் அவன் வண்டிக்கும் அது வந்து சேர்ந்தது.

மலைச் சைக்கிள் பிறந்தது 1970 களில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். தமல்பைசு என்ற மலையின் அருகே, இளைஞர் சிலர் பழைய கனத்த வண்டிகளைத் தள்ளிக்கொண்டு மேலேறி, மண்பாதையில் தலைதெறிக்க இறங்கினர். பின்மிதித்து நிறுத்துகின்ற பிறேக்கு அவ்வண்டிகளின் குடத்தினுள்ளே இருந்தது. ஒருமுறை இறங்கி முடிவதற்குள் குடத்திலிருந்த கிறீஸ் முழுவதும் வெந்து புகைந்து போகும். மீண்டும் புதிதாக அடைக்கவேண்டும். 'மறுபடி அடைத்தல்' என்னும் பொருள்படவே அப்பாதைக்கு ரீபாக் என்று பெயரிட்டார்கள். இந்த விளையாட்டுக்கு உண்டான வண்டியின் முதல் தொல்லையே சக்கரத்தின் நடுவில் தோன்றியதென்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பின்னர் விற்சுருள் வைத்த முற்கவர் வந்தது. அதன் இரு கால்களும் தனித்தனியே ஏறி இறங்கக்கூடியவை. அவற்றைக் கீழே இணைத்துப் பிடிப்பது அச்சு ஒன்றே. அது மெல்லியதாயிருந்தால் ஒரு கால் முந்த ஒரு கால் பிந்த, சக்கரம் முறுகும். தட்டுப் பிறேக்கு வந்தபோது வேறோர் ஆபத்தும் வெளிப்பட்டது. அதன் பிடி முற்கவரின் பின்புறத்தில் இருப்பதால், நிறுத்தும்போது தட்டைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. சக்கரத்தின் ஆரைக்கும் தட்டின் ஆரைக்குமுள்ள வேற்றுமையால், தரையில் பிறக்கும் தடுப்பு விசையைப்போல் நான்கு மடங்கு அளவில் அந்தத் தள்ளல் அமைகிறது. பிளவுவாயோ கீழ்நோக்கித் திறந்திருக்கிறது. நெம்பு சிறிது தளர்ந்திருந்தாலும் சக்கரம் முற்கவரைவிட்டு வெளியே வந்துவிடக்கூடும் என்பதை ஜேம்ஸ் அன்னன் என்ற விஞ்ஞானி 2003 இல் விளக்கிக் காட்டினார். ஓடும் வண்டியில் முன்சக்கரம் கழன்றால் என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் சேர்ந்துதான் ஊடுருவும் அச்சு என்ற புதிய அமைப்பை வேரூன்றச் செய்தன. இங்கே பிளவுவாய் இல்லை. சட்டத்தில் முழுவட்டத் துளையே உண்டு. தடித்த அச்சு ஒருபுறத் துளையிற் புகுந்து, குடத்தை ஊடுருவி, மறுபுறத்து மரையில் ஏறி இறுகுகிறது. மலையிலிருந்து விரைந்து இறங்கும் வண்டிகளுக்கு முன்னே 20 மில்லிமீற்றர் அச்சும், 2008 அளவில் பொது வகைக்கு 15 மில்லிமீற்றர் அச்சும், பின்னே 12 மில்லிமீற்றர் அச்சும் வழக்கிற்கு வந்தன. 2014 இல் திரெக், சிறாம் என்ற இரு கம்பனிகள் பின்குடத்தின் அகலத்தை 148 மில்லிமீற்றராக்கின. கம்பிகள் அகன்று சாய்ந்து நிற்பதால் சக்கரமும் பக்கவாட்டில் உறுதிபெறும் என்பது அதன் நோக்கம்.

சிறாம் என்ற பெயரைச் சொன்னதும் நம் கரையோடு தொடர்புள்ள செய்தியொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை நிலாவெளி உட்பட எங்கள் கிழக்குக் கரையைச் சிதைத்தபின், அக்கம்பனியை நிறுவியவர்களுள் ஒருவரான எவ்.கே. டே என்பாரும் அவர் மனைவியார் லீயா மிஸ்பாக் டே என்பாரும் 2005 இல் வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, இலங்கையில் 24,000 க்கும் மேற்பட்ட சைக்கிள்கள் மக்களுக்குக் கிடைக்கச் செய்தார்கள். பிற்காலத்தில் அந்நிறுவனம் ஆபிரிக்க நாட்டுக் கிராமங்களுக்கென்று பவலோ, அதாவது எருமை, என்ற பெயரில் ஒரு வண்டியை அமைத்தது. பின் கரியரில் 100 கிலோகிராம் ஏற்றக்கூடிய அந்த வண்டியில், விளையாட்டு வண்டிக்குரிய தடித்த அலுமினிய அச்சு இல்லை. ஒற்றைப் பல்லுருளை, பின்மிதித்து நிறுத்தும் குடம், துளையில்லாத உருக்கு அச்சு, இருபுறமும் நட்டு. விளையாட்டு வீரனுக்கு அச்சைத் தடிப்பிக்கும் வழியை அறிந்தவர்களே, சுமை தூக்குபவனுக்கு நீட்டத்தைக் குறைக்கும் வழியை மேற்கொண்டார்கள். விறைப்பை அடைய இரண்டு வழிகள் உண்டு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் நிலாவெளியில் பழைய மலைச் சைக்கிள் ஒன்றை வைத்திருப்பவர் செய்யக்கூடியது என்ன? பிளவுவாய் வைத்த சட்டத்தில் ஊடுருவும் தடித்த அச்சைப் பூட்ட இயலாது. வாயை அரத்தால் அகலப்படுத்திப் பூட்டித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால், அவரிடம் வண்டியைக் கொடுக்கவேண்டாம். சட்டத்தின் உயிர்நிலை அவ்விடம்.

முதலில் நோயை அறிய வேண்டும். சக்கரத்தின் றிம்மைப் பற்றிப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். 'டக்' என்று சிறு ஒலியுடன் அசைந்தால் கோன் தளர்ந்திருக்கிறது. அச்சைக் குறைகூற வேண்டியதில்லை. ஒலியின்றி வளைந்து மீண்டால் கம்பிகளைச் சோதியுங்கள். சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றி, அச்சை விரலால் சுழற்றும்போது அதன் முனை வட்டமிட்டு அசையுமாயின் அச்சு வளைந்துவிட்டது. கழற்றிக் கண்ணாடித் தட்டின்மேல் உருட்டினால் வளைவு வெளிப்படையாகத் தெரியும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்துவது வீண்வேலை. களைத்த உலோகம் அதனால் இளமையடைவதில்லை.

துளையுள்ள அச்சு இருக்குமாயின் அதனை நீக்கி, குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்காலான, துளையற்ற 10 மில்லிமீற்றர் அச்சைப் போடலாம். விறைப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்களவே கூடும். வலிமையிலும் ஆயுளிலும் கிடைக்கும் ஆதாயம் அதனினும் பெரிது. பிளவுவாய் மாறாமலே குடத்தை ஊடுருவி இறுகுகின்ற 10 மில்லிமீற்றர் அச்சைச் சுவிற்சர்லாந்தின் டீ.டீ. சுவிஸ் போன்ற கம்பனிகள் ஆக்கியிருக்கின்றன. அதற்கேற்ற குடமும் வேண்டும், பணமும் வேண்டும்.

வலப்புற நீட்டத்தைக் குறைப்பதே இதைவிடப் பெரிய மாற்றம். சிமானோ கம்பனி 1978 இல் புகுத்திய குட அமைப்பில், பல்லுருளைகள் ஏறும் பகுதியே குடத்தோடு சேர்ந்துவிடுகிறது. வலப்புறக் குண்டுகள் அதன் வெளி ஓரத்துக்கு வந்துவிடுகின்றன. அத்தகைய குடத்தில் கோத்த பின்சக்கரம் பழையதாகக் கிடைத்தாலும் வாங்கத்தக்கது. அதுவும் கிடையாதெனில், கியரை அடிக்கடி மாற்றாதவர்க்கு ஒரு வழி உண்டு. ஏழு பல்லுருளைத் தொகுதியைக் கழற்றிவிட்டு ஒற்றைப் பல்லுருளையைப் பூட்டுங்கள். பிறகு அச்சின் வலப்பக்கத்தில் இடைவெளி நிரப்பிய வளையங்களிற் சிலவற்றை இடப்பக்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். 4 சென்றிமீற்றர், 1 சென்றிமீற்றர் என்றிருந்த நீட்டங்கள் பக்கத்துக்கு இரண்டரையாகிவிடும். றிம் நடுவில் வரும்படி கம்பிகளை மீண்டும் இழுத்துச் சமன்செய்ய வேண்டும். சங்கிலி நேராக ஓடும்படி முன்பல்லுருளையையும் ஒத்துப் பார்க்க வேண்டும். அரைநாள் வேலை. புதிய பொருளுக்கென்று செல்லும் காசு மிகச் சிறிது. இருபுறக் கம்பிகளும் ஏறக்குறைய ஒரே இழுப்பில் நிற்பதால் சக்கரமும் முன்னையிலும் உறுதியாகும்.

எந்த அச்சாயினும் அதன் இரு முனைகளும் அமர்கின்ற பிளவுவாய்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருத்தல் அவசியம். விழுந்து எழுந்த வண்டிகளில் அவை கோணியிருக்கும். அப்படியே நட்டை இறுக்கினால், வீதியில் ஏறுமுன்பே அச்சு வளைந்துவிட்டதென்றே கொள்ளவேண்டும். இறுக்கத்துக்கும் ஓர் அளவுண்டு. ஒரு சாண் நீளத்திலும் குறைவான, 15 சென்றிமீற்றர் ஸ்பானரின் முனையில் 20 முதல் 25 கிலோகிராம் அளவு அழுத்தம் கொடுத்தால் பின்னச்சின் நட்டுக்குப் போதும். குழாய் சொருகி நெம்புவோர் மரையை இழுத்து, வெடிப்புக்கு வித்திடுகிறார்கள்.

உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு ஆண்டில் இருமுறையேனும் குடத்தைத் திறந்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புதிய கிறீஸ் இடவேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அச்சின் மரையிலும் சிறிது பூசிவிடுங்கள். கடல்நீரில் இறக்கிய வண்டியை அன்றைக்கே நன்னீரால் கழுவ வேண்டும். ஆனால் நீரைக் குடத்தின் வாயில் விசையோடு பாய்ச்சுதல் கூடாது.

ஊடுருவும் அச்சு வைத்த புதிய வகை வண்டியைப் பழையதாக வாங்க எண்ணுவோர்க்கு ஒரு சொல். அவ்வச்சுக்கள் பார்வைக்கு ஒன்றுபோலிருப்பினும், 12 மில்லிமீற்றர் அச்சுக்களிலேயே மரையின் இடைவெளி 1, 1.5, 1.75 மில்லிமீற்றர் என மூன்று வகை உண்டு; நீளங்களும் வேறுபடும். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் திருகினால் முதல் இரண்டு சுற்று இலகுவாகப் போகும். மூன்றாவது சுற்றில் சட்டத்தின் அலுமினிய மரை அழிந்துவிடும். அழிந்த மரையை இவ்வூர்களில் மீட்டுத் தருவது எளிதன்று. ஆகையால் அளவை எழுதிக்கொண்டு போவதைவிட, கழற்றிய பழைய அச்சையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். புதியதை அதன் பக்கத்தில் வைத்து, மரையோடு மரை பொருந்துகிறதா என்று கடை வாசலின் வெளிச்சத்தில் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.